ஆபத்து நாளும் அல்லாஹ்வின் இல்லமும்

 



மக்தபுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் தொடக்கத்திலேயே மனனம் செய்யும் சூராக்களுள் ஒன்று 'மாஊன்'. திருமறையின் 107-வது அத்தியாயம், ஏழே வசனங்கள். சிறிய சூரா என்பதால் தொழுகையில் அடிக்கடி ஓதுகிறோம். ஓதி முடித்ததும் ருகூவுக்குப் போய்விடுகிறோம். சற்று நின்று அதன் பொருளைச் சிந்திப்போமாயின் நெஞ்சு நடுங்கும். அநாதையை விரட்டுபவனையும், ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும் பற்றித் தொடங்கும் அந்த அத்தியாயம், அடுத்துத் தொழுகையாளிகளின் பக்கமே திரும்பிவிடுகிறது. தொழுகையில் பராமுகமாக இருந்துகொண்டு, பிறர் பார்ப்பதற்காகச் செய்துகொண்டு, 'மாஊன்' என்னும் சிறு பொருளைக்கூடக் கொடாமல் தடுத்துக்கொள்ளும் தொழுகையாளிகளுக்குக் கேடு என்று எச்சரித்து முடிகிறது.

'மாஊன்' என்றால் என்ன? ஜகாத் என்று பொருள் கொண்ட பெரியோர்களும் உண்டு. ஆனால் இப்னு மஸ்ஊத் (ரலி) போன்ற நபித்தோழர்கள் தந்த விளக்கம் தஃப்ஸீர் நூல்களில் பரவலாக வந்திருக்கிறது. அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்து வாங்கும் வாளி, பானை, கோடரி போன்றவையே மாஊன் என்பது அவர்களின் கூற்று. கோடி கோடியாகக் கொடுப்பதைப் பற்றி அங்கே பேச்சில்லை. அண்டை வீட்டுக்காரன் அவசரத்துக்கு வந்து கேட்கும்போது கைக்கு எட்டும் பொருளைக் கொடுக்கிறோமா, இல்லையா என்பதே கேள்வி.

இந்த மூன்று பொருள்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனெனில், ஒரு புயல் இரவில் வாளியும் பானையும் கோடரியும் இல்லாமல் ஒரு பள்ளிவாசல் கைபிசைந்து நின்றதை நாம் கண்ணால் கண்டோம். அந்தப் பள்ளியின் இமாமாக இருந்தவர் வேறு யாருமல்லர், நாமேதான்.

கஜா வீசிய இரவு

2018-ஆம் ஆண்டு நவம்பர் 15, வியாழக்கிழமை. கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடக்கப் போகிறது என்று பகல் முழுவதும் அறிவித்துக் கொண்டிருந்தார்கள். அந்தக் கடற்கரை வட்டாரத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நாம் அப்போது கித்மத் செய்து வந்தோம். பள்ளியைப் புதிதாகக் கட்டி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. பளபளக்கும் கிரானைட் தரை, இரட்டை மினாரா, கண்ணாடிக் கதவுகள், மாடியில் நூறு பேர் தொழக்கூடிய மண்டபம். பழைய பள்ளியில் இருந்த ஹவுளைத் தூர்த்து, அதன் மேல் கல் பதித்து, வரிசையாகக் குழாய்கள் வைத்திருந்தார்கள். எல்லோரும் பாராட்டினார்கள், நாமும் பாராட்டினோம்.

இஷா முடிந்ததும் வழக்கம்போல் பள்ளியைப் பூட்டினோம். நள்ளிரவுக்குப் பிறகு காற்றின் சத்தம் மாறிவிட்டது. கூரை வீடுகளில் இருந்தவர்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளி வாசலுக்கு ஓடி வந்தார்கள். நம் ஜமாஅத்தாரும் இருந்தார்கள். பின் தெருவில் வாழும் பிற சமயக் குடும்பங்களும் இருந்தன. முன் வராந்தாவைத் திறந்துவிட்டோம். ஆண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். பெண்களை எங்கே உட்கார வைப்பது? மாடி மண்டபம் தோதாக இருந்திருக்கும். அதன் சாவி ஒன்றே ஒன்று; அது முத்தவல்லியின் வீட்டில்; முத்தவல்லியோ அன்று வெளியூரில்.

அந்தக் கூட்டத்தில் பிறந்து பத்து நாள் ஆன குழந்தையுடன் ஓர் இளம் தாய் இருந்தார். அவர் வாசலில் போட்டிருந்த தகரப் பந்தலின் கீழேயே நின்றுவிட்டார். அவருடைய மாமியார் நம்மைப் பார்த்துக் கேட்டார்: "அசரத்து, இவ புள்ளப் பெத்தவ. பள்ளிக்குள்ள வரலாமா?"

ஏழு ஆண்டுகள் கிதாபு ஓதியிருந்தோம். ஃபிக்ஹில் நிஃபாஸ் பாடத்தை ஓதியிருந்தோம். பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தும் இருந்தோம். ஆனால் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல நமக்கு நாவு எழவில்லை. வரலாம் என்றால் ஷரீஅத்துக்கு மாறாகச் சொல்லிவிடுவோமோ என்ற அச்சம். கூடாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. மழையில் தகரம் அடித்துக் கொண்டிருந்தது. நாம் பேசாமல் நின்றோம்.

அப்போது நம் மோதினார் முன்னே வந்தார். வயது எழுபதை நெருங்கியவர். பாங்கு சொல்லவும் யாஸீன் ஓதவும் தெரிந்த அளவுக்கே படிப்பு. வாசலை ஒட்டி அவருக்கு ஒரு சிறிய அறை உண்டு. தம் பாயைச் சுருட்டி வெளியே வைத்துவிட்டு, அந்தத் தாயையும் குழந்தையையும் மாமியாரையும் உள்ளே போகச் சொன்னார். பிறகு நம்மிடம், "மஸ்அலாவ காலையில பாத்துக்கலாம் அசரத்து, புள்ளைக்குக் குளிருது" என்றார். சற்று நேரத்துக்கெல்லாம் அந்தத் தகரப் பந்தல் பிய்ந்து பறந்து தெருவில் போய் விழுந்தது. அல்லாஹ் காத்தான், மோதினாரைக் கொண்டு காத்தான். நம்மைக் கொண்டு அல்ல.

விடிந்தபோது மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடவில்லை. இருபது குழாய்களிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒளுச் செய்யவும் இல்லை, குடிக்கவும் இல்லை, கழிப்பறைக்கும் இல்லை. அடுத்த ஊரின் பழைய பள்ளியில் ஹவுளும் கிணறும் இருந்தன. அங்கே போய்ச் சுமந்து வரலாம் என்றால் நம் பள்ளியில் இருந்த வாளிகள் இரண்டு. அவையும் கழிப்பறைக்கு உரியவை. பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சலாம் என்றால் நோன்புக் கஞ்சிச் சட்டிகள் பூட்டிய மாடியில். பள்ளியின் முன்னால் புங்கமரம் ஒன்று பாதையை அடைத்து விழுந்து கிடந்தது. வெட்டிப் போடக் கோடரி இல்லை. வாளி, பானை, கோடரி! அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகையில் மாஊன் சூராவை ஓத நினைத்தோம். நாவு வரவில்லை; வேறு சூரா ஓதித் தொழவைத்தோம்.

அன்று முதல் நம் மனத்தில் ஊறிய ஒரு கருத்தைத்தான் இங்கே ஜமாஅத்தாரின் கவனத்திற்குக் கொண்டு வருகிறோம். ஆபத்து நாளில் அல்லாஹ்வின் இல்லம் மக்களுக்குப் பயன்பட வேண்டுமானால், அதைத் தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு முடிவு செய்ய முடியாது. அஸ்திவாரக் கல் வைக்கும்போதே நிய்யத்தில், வக்ஃபுப் பத்திரத்தில், கட்டட வரைபடத்தில் முடிவு செய்திருக்க வேண்டும்.

நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளி

மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளி எத்தகையது? பேரீச்ச மரத்துண்டுகள் தூண்கள். பேரீச்ச ஓலை கூரை. மழை பெய்தால் உள்ளே ஒழுகும். அந்த எளிய பள்ளி எத்தனை காரியங்களுக்கு இடம் கொடுத்தது என்று பாருங்கள்.

தொடக்கத்தில் கிப்லா பைத்துல் முகத்தஸை நோக்கி, வடக்கே இருந்தது. பிறகு கஅபாவை நோக்கித் தெற்கே திரும்பியபோது, கூரையிட்டிருந்த பழைய கிப்லாப் பக்கம் பள்ளியின் பின்பகுதி ஆயிற்று. அது வீணாக விடப்படவில்லை. வீடு வாசலின்றி ஹிஜ்ரத் செய்து வந்த ஏழைத் தோழர்களுக்கு அதுவே ஸுஃப்ஃபா என்னும் திண்ணை ஆயிற்று. அபூஹுரைரா (ரலி) அவர்களைப் போன்ற திண்ணைத் தோழர்கள் அங்கேதான் தங்கினார்கள். அங்கேதான் கல்வி கற்றார்கள். தேவை மாறியபோது அதே கூரை வேறொரு நற்பணிக்குப் பயன்பட்டது.

ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் கையில் அம்பு பாய்ந்து இரத்தம் நிற்காமல் இருந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளியிலேயே அவருக்குக் கூடாரம் அமைக்கச் செய்தார்கள். அருகிலிருந்து நலம் விசாரிக்க வேண்டும் என்பது நோக்கம். காயமுற்றோருக்கு மருந்திட்டுப் பணிவிடை செய்து வந்த ருஃபைதா (ரலி) என்ற பெண்மணியின் கூடாரம் அது என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. விடுதலை பெற்ற கறுப்பினப் பெண்மணி ஒருவர் ஆதரவின்றி மதீனா வந்து இஸ்லாத்தைத் தழுவியபோது, அவர் தங்கவும் பள்ளியில் ஒரு சிறு கூடாரம் இருந்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு தாயிஃபிலிருந்து வந்த ஸகீஃப் கோத்திரத் தூதுக்குழுவினர் அதுவரை இஸ்லாத்தை ஏற்காதவர்கள். அவர்களுக்கும் பள்ளியில்தான் கூடாரம் அடிக்கப்பட்டது.

நோயாளி, ஆதரவற்ற பெண், ஏழை, பிற சமயத்தார் ஆகிய நான்கு வகையினருக்கும் அந்தப் பள்ளியில் இடம் இருந்தது. அதனால் அதன் கண்ணியம் கடுகளவும் குறையவில்லை. மழையும் சேறும் மிகுந்த நாளில் மக்கள் பள்ளிக்கு வரச் சிரமப்படலாகாது என்று, வீட்டிலேயே தொழுதுகொள்ளும்படி அறிவிக்கச் செய்த மார்க்கம் நம்முடைய மார்க்கம். மழையில் பள்ளிக்கு வர வேண்டாம் என்று இரக்கப்பட்ட மார்க்கம், மழைக்கு அஞ்சிப் பள்ளியைத் தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்புமா? சிந்தித்துப் பாருங்கள்.

மஸ்அலாவை முன்னரே பேசுவோம்

இனி, அன்றிரவு நம் நாவைக் கட்டிப்போட்ட மஸ்அலாவுக்கு வருவோம். மாதவிடாய், பேறுகால உதிரப்போக்கு உடைய பெண்களும், குளிப்புக் கடமையானவர்களும் பள்ளியில் தங்கலாகாது என்பது பொதுச் சட்டம். இதில் ஐயமில்லை. ஆனால் அதே ஃபிக்ஹு நூல்களில், வெளியே போனால் உயிருக்கோ பொருளுக்கோ ஆபத்து என்று அஞ்சுபவர், அல்லது பள்ளியினுள் அடைபட்டுப் போனவர், குளிப்புக் கடமையான நிலையிலும் அங்கே தங்கியிருக்கலாம் என்ற விளக்கமும் இருக்கிறது. நிர்ப்பந்த நிலை தடையைத் தளர்த்தும் என்பது உலமாக்கள் ஒப்புக்கொண்ட அடிப்படை. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்னும் கருத்தைத் திருமறையின் 5-வது அத்தியாயம் 32-வது வசனம் உணர்த்துகிறது.

இவையெல்லாம் நாம் ஓதியவைதான். ஆயினும் தேவைப்பட்ட நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. காரணம், அதுவரை அதைப் பற்றி நாம் ஒருமுறைகூட மிம்பரில் பேசியதில்லை; ஜமாஅத்தில் யாரும் கேட்டதுமில்லை. ஆகவே இமாம்களாகிய நம் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழை தொடங்கும் முன், ஒரு ஜும்ஆவிலாவது இந்த மஸ்அலாவை எடுத்துச் சொல்லுங்கள். அந்தத் தாய், தான் உள்ளே வரலாம் என்பதை வீட்டிலிருந்தே அறிந்து வந்திருக்க வேண்டும்.

இதைவிடச் சிறந்த வழியும் ஒன்று உண்டு. பள்ளிக்கென வக்ஃபு செய்யப்பட்டுத் தொழுகை தொடங்கிவிட்ட இடம் என்றென்றைக்கும் பள்ளிதான். பிறகு அதை வேறு காரியத்துக்கு மாற்ற முடியாது. எனவே, புதிதாகக் கட்டும்போதே எது பள்ளி, எது பள்ளியைச் சேர்ந்த ஏனைய இடம் என்பதை உலமாக்களைக் கலந்து வரையறுத்து, வக்ஃபுப் பத்திரத்தில் எழுதிவிட வேண்டும். மதரஸா அறைகள், ஒளுச் செய்யும் இடம், பக்கத்து மண்டபம், மோதினார் அறை ஆகியவற்றைப் பொது நலனுக்கான வக்ஃபு என்று தனியே குறிப்பிட்டுவிட்டால், எந்த நிலையில் உள்ள பெண்ணும், எந்த நோயாளியும், எந்தச் சமயத்தாரும் அங்கே தயக்கமின்றித் தங்கலாம். தொழுகை இடமும் தொழுகைக்கே இருக்கும்.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை அல்ல. இஸ்தன்பூலில் 1557-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட சுலைமானிய்யா பள்ளியைச் சுற்றி மதரஸாக்கள், மருத்துவமனை, ஏழைகளுக்குச் சோறு ஆக்கும் சமையற்கூடம், வழிப்போக்கர் தங்குமிடம் அனைத்தும் தனித்தனிக் கட்டடங்களாக எழுந்தன. சினான் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அவற்றை ஒரே திட்டத்தில் வரைந்தார். நடுவே பள்ளி, அதைச் சுற்றிலும் மாஊன்!

வங்கக் கரையில் ஒரு பாடம்

கட்டடம் எப்படி இருந்தால் ஆபத்தில் உதவும் என்பதற்கு நம் அண்டை முஸ்லிம் நாடான வங்காள தேசத்தின் அனுபவம் நல்ல பாடம். 1970 நவம்பரில் அந்தக் கரையைத் தாக்கிய போலா புயலில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1991 ஏப்ரல் 29 இரவு வீசிய புயலில் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர். 2007 நவம்பரில் சித்ர் புயல் மிகக் கடுமையாக வீசியபோது இறந்தோர் தொகை ஆயிரங்களில் நின்றது. 2020 மே மாதம் அம்பன் புயலின்போது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். உயிரிழப்பு சில பத்துகளில் அடங்கியது. காற்றின் வேகம் குறைந்துவிட்டதா? இல்லை. முன்னெச்சரிக்கை சொல்லும் தொண்டர்களை 1972 முதல் ஊர் ஊராகப் பயிற்றுவித்தார்கள். கரை நெடுகப் புயல் காப்பகங்களைக் கட்டினார்கள்.

அந்தக் காப்பகங்களின் அமைப்பைக் கவனியுங்கள். உயரமான தூண்கள், கீழ்த்தளம் திறந்தவெளி. கடல் பொங்கி வந்தால் நீர் தூண்களுக்கிடையே புகுந்து வெளியேறிவிடும்; மக்கள் மேல்தளத்தில் இருப்பார்கள். அவற்றில் பல, ஆண்டு முழுவதும் ஆரம்பப் பள்ளிக்கூடங்களாகவே நடக்கின்றன. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆபத்துக்கென்று கட்டிப் பூட்டிவைத்த கட்டடம் காலப்போக்கில் பாழாகும், கதவு துருப்பிடிக்கும், சாவி தொலையும். அன்றாடம் ஆள் புழங்கும் கட்டடமோ கூட்டிப் பெருக்கிச் செப்பனிடப்பட்டு இருக்கும். வழி தெரியாதவர் ஊரில் இருக்கமாட்டார். நாளொன்றுக்கு ஐந்து வேளை மக்கள் கூடும் பள்ளிவாசலைவிட அதிகம் புழங்கும் பொதுக் கட்டடம் நம் ஊர்களில் வேறு எது?

மற்றொரு பாடம் கசப்பானது. 1991 புயலில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் மாண்டார்கள். ஆண் துணையின்றி வெளியேறத் தயங்கியதும், காப்பகங்களில் பெண்களுக்கெனத் தனி இடமும் கழிப்பறையும் இல்லாததும் அதற்கான காரணங்களுள் சில என்று ஆராய்ந்தோர் கூறினர். அதனால் பின்னர் கட்டிய காப்பகங்களில் பெண்களுக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை, முதியோரும் ஊனமுற்றோரும் ஏறச் சாய்தளம் ஆகியவற்றைச் சேர்த்தார்கள். ஹயா ஈமானின் பகுதி என்று நாம் போதிக்கிறோம். அந்த ஹயாவுக்கு இடம் தராத கட்டடத்தைக் கட்டினால், அது நம் பெண்களைச் சாவுக்குள் தள்ளிவிடும்.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு இடமும் சோறும் கொடுத்து அரவணைத்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிகள் பல எல்லாச் சமயத்தாருக்கும் திறந்திருந்தன. 2019 ஆகஸ்ட் 8 அன்று கேரளத்தின் கவளப்பாறையில் மலை சரிந்து 50-க்கும் மேற்பட்டோர் புதையுண்டபோது, அருகிலுள்ள போத்துகல் பள்ளிவாசலின் ஒரு பகுதியைப் பிணப் பரிசோதனைக்கு விட்டுக் கொடுத்தார்கள். மதரஸாப் பிள்ளைகளின் மேசைகளே பரிசோதனை மேசைகள் ஆயின. எந்தச் சமயத்தார் உடல் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அந்த வார ஜும்ஆவை ஊர்ப் பேருந்து நிலையத்தில் தொழுதார்கள். 2021 ஏப்ரலில் கொரோனாவின் இரண்டாம் அலையில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தபோது, வடோதராவின் ஜஹாங்கீர்புரா பள்ளி 50 படுக்கைகள் கொண்ட சிகிச்சைக் கூடமாக மாறியது.

இவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் நெஞ்சு கொண்டு செய்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக! கட்டடமும் அதற்கென்றே அமைந்திருந்தால், அந்த நெஞ்சுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்?

ஜமாஅத்தார் கவனிக்க வேண்டியவை

புதுப் பள்ளி கட்டுவோரும், பழையதைப் புதுப்பிப்போரும் பின்வருவனவற்றை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

முதலாவது, கட்டடமே நிற்க வேண்டும். 2023 பிப்ரவரி 6 துருக்கி நிலநடுக்கத்தில் அந்தாக்கியாவின் தொன்மையான ஹபீபுன் நஜ்ஜார் பள்ளி இடிந்து விழுந்தது. யாஸீன் சூராவில் நகரின் கோடியிலிருந்து ஓடி வந்த மனிதர் என்று விரிவுரையாளர்கள் குறிப்பிடும் பெரியாரின் பெயர் தாங்கிய பள்ளி அது. சிறப்பு வாய்ந்த பள்ளி என்பதால் பூமி ஆடாமல் இருப்பதில்லை. நல்ல பொறியாளரைக் கலக்காமல் மேஸ்திரியின் கைக்கணக்கில் மாடிமேல் மாடி ஏற்றலாகாது.

இரண்டாவது, தரைமட்டம். ஊரில் பெரியவர்கள் கண்ட வெள்ளம் எதுவரை வந்தது என்று விசாரித்து, அதற்கு மேலே தரையை எழுப்ப வேண்டும். படியோடு சாய்தளமும் இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வரும் முதியவருக்கு அது ஜும்ஆதோறும் உதவும். ஆபத்து நாளில் நோயாளியின் கட்டிலை ஏற்றவும் உதவும்.

மூன்றாவது, தண்ணீர். குழாய் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஹவுளைத் தூர்க்காதீர்கள். மின்சாரம் போன நாளில் ஹவுளும், கயிறு கட்டிய கிணறும், கையால் அடிக்கும் பம்பும்தான் தண்ணீர் தரும். கஜாவுக்குப் பிறகு பல ஊர்களில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின என்பதை மறக்க வேண்டாம்.

நான்காவது, பெண்களுக்குத் தனி வழி, தனி அறை, தனிக் கழிப்பறை. இவை மதரஸாப் பக்கம் இருந்தால் அன்றாடம் பெண்கள் மதரஸாவுக்கும் பயன்படும். மதரஸாவின் தடுப்புகள் மடக்கக் கூடியவையாகவும், மேசைகள் ஒன்றோடொன்று சேர்க்கக் கூடியவையாகவும் இருந்தால், பகலில் நான்கு வகுப்பாக இருக்கும் இடம் இரவில் ஐம்பது பேர் படுக்கும் கூடமாகிவிடும்.

ஐந்தாவது, சாவி. செலவே இல்லாத காரியம் இது. ஆனால் நம் பள்ளிகள் தவறுவது இதில்தான். எல்லா அறைகளுக்கும் மூன்று சாவிகள் இருக்கட்டும். ஒன்று முத்தவல்லியிடம், ஒன்று இமாமிடம், ஒன்று பள்ளியிலேயே குடியிருக்கும் மோதினாரிடம்.

ஆறாவது, மாஊன். தரைத்தளத்தில் ஓர் அலமாரி. அதில் இருபது வாளி, கஞ்சிச் சட்டி, இரண்டு கோடரி, கயிறு, விளக்கு, பாய், போர்வை. புயல் இல்லாத நாட்களில் தெருவாசிகள் கேட்டால் இரவல் கொடுங்கள். அப்போதுதான் அவை இருக்கும் இடமும் ஊராருக்குத் தெரிந்திருக்கும்.

சில ஐயங்கள்

இப்படியெல்லாம் செய்தால் பள்ளியின் கண்ணியம் குறையாதா என்று சிலர் கேட்கலாம். நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளியைவிட நம் பள்ளி கண்ணியம் மிக்கதா என்று அவர்கள் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். சுத்தம் பேணுவது கடமை. அதனால்தான் தனி இடம் கட்டுங்கள் என்கிறோம்.

வக்ஃபுப் பணத்தை இதற்குச் செலவிடலாமா என்பது நியாயமான கேள்வி. தொழுகைக்கென்று வக்ஃபு செய்தவரின் நிபந்தனையை மீறி அந்தப் பணத்தைத் தொடலாகாது. ஆகவே இதற்கெனத் தனியே நன்கொடை திரட்டுங்கள். இரட்டை மினாராவுக்குத் தாராளமாகக் கொடுக்கும் நம் செல்வந்தர்கள், ஹவுளுக்கும் சாய்தளத்துக்கும் கொடுக்கமாட்டார்களா? எடுத்துச் சொல்வார் இல்லாததே குறை. அந்தக் குறையில் முதற்பங்கு உலமாக்களாகிய நம்முடையது. மினாராவின் உயரத்தைப் பற்றி நாம் துஆ ஓதிய அளவுக்கு, கிணற்றின் ஆழத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பிற சமயத்தார் வந்தால் என்ன செய்வது என்று கேட்போரும் உண்டு. பசித்து வந்தவரையும் நனைந்து வந்தவரையும் பார்த்துச் சமயம் கேட்பது நம் வழி அல்ல. அன்று நம் வராந்தாவில் உட்கார்ந்திருந்த பிற சமயப் பெரியவர் ஒருவர், விடிந்ததும் தம் வீட்டுக்குப் போய், சரிந்த கூரைக்குள்ளிருந்து தம் கோடரியைத் தேடி எடுத்து வந்து, பள்ளியின் முன் கிடந்த மரத்தை வெட்டிப் பாதை திறந்தார். நாம் கொடுக்க வேண்டிய மாஊனை அவர் நமக்குக் கொடுத்தார். அந்தப் பாதை வழியாகத்தான் அன்று ஜும்ஆவுக்கு ஆள் வந்தது.

அந்த மோதினார் இப்போது இல்லை. அல்லாஹ் அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக! அந்த ஊரில் அடுத்த ஆண்டே இரண்டு சாவிகள் கூடுதலாக வெட்டினார்கள். ஒளு இடத்தின் பக்கத்தில் கை பம்பு ஒன்று போட்டார்கள். ஹவுள் இன்னும் திரும்பவில்லை. நாமும் ஊர் மாறிவிட்டோம். இப்போது கித்மத் செய்யும் பள்ளியின் மதரஸாவை விரிவுபடுத்தும் வேலை தொடங்கியபோது, ஜமாஅத்தாரிடம் நாம் முதலில் சொன்னது அந்த இளம் தாயின் கதையைத்தான். வரைபடத்தில் பெண்களுக்கான அறை ஒன்று கூடியது.

அன்பர்களே! அடுத்த முறை தொழுகையில் மாஊன் சூரா ஓதப்படும்போது, ஸலாம் கொடுத்த பிறகு சற்று நேரம் பள்ளியைச் சுற்றிப் பாருங்கள். வாளி எங்கே? பானை எங்கே? கோடரி எங்கே? சாவி யாரிடம்? பத்து நாள் குழந்தையுடன் ஒரு தாய் வந்தால் எந்தக் கதவைத் திறப்போம்? பதில் தெரியாவிட்டால் அன்றே முத்தவல்லியைக் கண்டு பேசுங்கள். மழை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

வல்ல நாயன் நம் பள்ளிகளைத் தொழுகையாலும் இரக்கத்தாலும் செழிப்பாக்கி வைப்பானாக! சிறு பொருளையும் தடுத்துக்கொள்ளும் தொழுகையாளிகளின் கூட்டத்தில் நம்மைச் சேர்க்காதிருப்பானாக! புயல், வெள்ளம், நோய், நடுக்கம் ஆகிய எல்லா ஆபத்துகளிலிருந்தும் நம்மையும் நம் அண்டை அயலாரையும் காத்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.